ஏரிக்கு இந்தாண்ட

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் திட்டில்தான் சின்னமுனைக் குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் செங்கம்மாள். விடிவதற்குள் படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரி போவாள். பொன்னேரியில் ரயில். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, வயலை வெட்டிப் புதிதாகப் போட்ட ரோட்டில் நடந்தால் சீசா கம்பெனி. சூளையிலிருந்து வந்து ஆறிய கண்ணாடி பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரிசலோ குமிழோ தெரிந்தால் ஒதுக்கித் தள்ளுவது அவள் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சாயங்காலம் திரும்பவும் ரயில், பஸ், படகு.

அவள் புருஷன் ரங்கசாமி கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் இந்த அலைச்சல் கிடையாது. அவன் கொண்டுவருகிற மீனைக் கூடையில் வைத்துப் பொன்னேரித் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். ஒரு மாசி மாதம், கரையேறும் நேரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் அவன் முதுகின் மேல் விழுந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கை இரண்டும் மட்டும் பழையபடி வலுவாக இருந்தன. படுத்த வாக்கில் அடுத்தவர்களுடைய வலைகளைப் பின்னிக் கொடுப்பான்.

பொன்னேரியில் அவளிடம் மீன் வாங்கும் சாலமோன், சீசா கம்பெனியில் ஃபிட்டர். பாட்டில் பார்க்கப் பெண்கள் தேவைப்படுகிறார்கள் என்று அவர் சொல்லித்தான் அவள் அங்கே போய் நின்றாள்.

பகலில் ரங்கசாமியைப் பார்த்துக்கொண்டது பச்சையம்மா. அவன் தம்பி லோகநாதனின் மனைவி, அடுத்த குடிசை. மத்தியானம் கஞ்சி கொடுப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகில் புண் வராமல் துடைத்துவிடுவாள். முதலில் மூத்தார் என்று கூச்சப்பட்டவள், கொஞ்ச நாளில் அதையெல்லாம் விட்டுவிட்டாள். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதையும் செய்கிறாளே என்று செங்கம்மாள் வருத்தப்பட்டால், "எங்க மாமாவுக்குச் செய்யறதுல இன்னாக்கா? நீ போய்ட்டு வா, படகு நிக்குது" என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ரயில் ஸ்டிரைக் வந்தது. அன்றைக்கென்று பச்சையம்மா குழந்தைகளோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். லோகநாதன் கடலுக்குப் போயிருந்தான். ரங்கசாமியின் தலைமாட்டில் கஞ்சியையும் தண்ணீர்க் குடத்தையும் வைத்துவிட்டுச் செங்கம்மாள் வேலைக்குப் போனாள். காலையில் ஓடிய வண்டி சாயங்காலம் ஓடவில்லை. ரோட்டுக்கு வந்தால், நின்ற ஒன்றிரண்டு பஸ்ஸிலும் ஆட்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தண்டவாளத்தை ஒட்டி நடந்தாள். ஜல்லியில் கால் இடறி ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. வெறுங்காலோடு கவரப்பேட்டை வருவதற்குள் பாதம் கிழிந்து, இருட்டியும் விட்டது. கையில் விளக்கில்லை. வயிற்றில் ஒன்றுமில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவள் விடிந்த பிறகுதான் எழுந்தாள்.

வீடு சேர்ந்தபோது மத்தியானம். குடம் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறான். கொட்டிய தண்ணீர் தரைக்குள் போயிருந்தது. பாயெல்லாம் நாறியது. ஈக்கள். ரங்கசாமி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"வண்டி வர்லியா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அவள் அவனைக் கழுவித் துடைத்து, பாயை ஏரியில் அலசிப் போட்டாள். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரிக் கஞ்சியை ஊட்டும்போது அவள் சொன்னாள்.

"இனிமே வண்டி நின்னா நடந்தே வந்துடுவேன்யா. எத்தினி மணி ஆனாலும். நடக்கறதுக்கு இன்னா வேணுமோ அத கையிலயே வெச்சிக்கினு போறேன்."

ரங்கசாமி யோசித்தான். "கையில வெச்சிக்கினு நடக்க முடியாது. தோள்ல மாட்டற மாதிரி இருக்கணும். கை ரெண்டும் சும்மா இருக்கணும்" என்றான்.

மறுநாள் லோகநாதனிடம் கேட்டு, கிழிந்த பாய்த்துணியில் ஒரு துண்டு வாங்கினான். வலை தைக்கும் ஊசியால் இரட்டைத் தையல் போட்டு, குறுக்கே மாட்டிக்கொள்ள அகலமான பட்டை வைத்து, மேலே மடித்துக் கட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துக் கொடுத்தான். விபத்துக்கு அப்புறம் அவன் அவ்வளவு மும்முரமாக எதையும் செய்து அவள் பார்த்ததில்லை.

பையில் என்ன வைப்பது என்று இரண்டு பேரும் பேசிய பேச்சு பல நாள் ஓடியது. செங்கம்மாள் முதலில் ஒரு புடவை, ஜாக்கெட், போர்வை, தண்ணீர் நிரப்பிய கம்பெனி பாட்டில் ஒன்று, அரிசிப் பொரி, சின்ன அரிக்கேன் விளக்கு எல்லாவற்றையும் திணித்து, தோளில் மாட்டிக் காட்டினாள்.

"குடிசைக்குள்ளயே ரெண்டு சுத்து சுத்தி வா" என்றான் ரங்கசாமி. சுற்றினாள். "இன்னும் சுத்து." சுற்றினாள். பட்டை தோளை அறுத்தது.

"இத்த தூக்கினு பொன்னேரி வரைக்கும் நடப்பியா நீ? எறக்கு. சீசாவ எட்த்துப் போடு மொதல்ல. வெறும் சீசாவே பாதி கனம்."

"தண்ணிக்கு இன்னாய்யா பண்றது?"

"சோத்துத் தூக்கு ஒன்னு எப்படியும் எட்த்துக்கினுதான போற? சோறு தின்னப்புறம் அதுல தண்ணி புட்ச்சிக்கோ. பேட்டரி லைட்டு வாங்கிக்கலாம், அரிக்கேன் வாணாம். பேட்டரிக் கட்டையில ஒன்னத் திருப்பிப் போட்டு வெய்யி, பையில இடிபட்டு எரிஞ்சி தீந்துடாது. போர்வ வாணாம், பிளாஸ்டிக் ஷீட்டு ஒரு ஆள் நீளம் எடு. மழைக்கும் ஆச்சு, ஒக்கார்றதுக்கும் ஆச்சு."

"பொரி?"

"பொரி எடத்த அடைக்கும். பொட்டுக்கடலையும் வெல்லமும் வெய்யி. கடலுக்கு நாங்க அதான் எட்த்துக்கினு போவோம்."

மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் ஒரு பவுடர் டப்பாவுக்குள் போயின. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டான். டயர் செருப்பு ஒரு ஜோடி, ஜல்லியில் நடக்க. மீன் கத்தி. வலைக்கயிறு கொஞ்சம், மெல்லியதுதான், ஆனால் இரண்டு ஆளை இழுத்தாலும் அறாது. கயிறு எதற்கு என்று அவள் கேட்டதற்கு, கயிறு இல்லாமல் யாராவது கிளம்புவார்களா என்று அவன் திருப்பிக் கேட்டான். கடைசியாகத் தூக்கிப் பார்த்தபோது பை அவர்கள் வீட்டுப் பூனைக் கனம்தான் இருந்தது. அவள் சுற்றி வந்து காட்டினாள். ரங்கசாமி சிரித்தான்.

பச்சையம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா எங்கியோ ஓடிப் போறதுக்கு மாமாவே மூட்ட கட்டிக் குடுக்கறாரு" என்றாள்.

"ஓடி வர்றதுக்கு" என்றான் ரங்கசாமி.

கம்பெனியில் கேலி பண்ணினார்கள். சூப்பர்வைசர் அரசப்பன், "இன்னாம்மா, ஊட்டையே தூக்கினு வந்துட்டியா?" என்று கேட்டார். கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்துப்போய் விட்டுவிட்டார். செங்கம்மாள் பையைக் கண்ணில் படுகிற ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்வாள். கடலையை மாதம் ஒரு முறை மாற்றுவாள், பழையதைப் பச்சையம்மாவின் குழந்தைகள் தின்றுவிடும். அந்தப் பை இருப்பதால் மனசுக்கு ஒரு தெம்பு. வண்டி லேட்டானால் முன்புபோல நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகையில் புயல் வந்தது.

காலையில் அவள் கிளம்பும்போது வெறும் தூறல்தான். ரேடியோவில் என்னவோ சொன்னதாகப் படகில் பேசிக்கொண்டார்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து ரேடியோ அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் காற்று பிடித்தது. கூரைத் தகடுகள் அதிர, நிறுத்தி வைத்த பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மத்தியானம் ஒரு தகடு பிய்த்துக்கொண்டு போனது. அரசப்பன் பெண்களை எல்லாம் ஒரு பக்கம் கூட்டி, "வண்டி நின்னுபோச்சாம். யாரும் வெளிய போவாதீங்க. சூளப் பக்கம் வந்து ஒக்காருங்க, சூடாவும் இருக்கும்" என்றார். நல்ல மனுஷர்தான். சொன்னதும் நியாயம்தான்.

செங்கம்மாள் ஆணியிலிருந்து பையை எடுத்தாள். தூக்கில் தண்ணீர் பிடித்தாள். டயர் செருப்பை மாட்டி, பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு சுற்றிக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா போற நீ?" என்றார் அரசப்பன்.

"எம் புருஷன் எழுந்து ஓட முடியாத ஆளு சார்."

சாலமோன் மட்டும் கூட வந்தார். அவருக்கும் பொன்னேரியில் வீடு, மனைவி.

தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வயல்கள் ஏரியாகிக் கிடந்தன. தந்திக் கம்பங்கள் சாய்ந்திருந்தன. எதிர்க்காற்று ஆளைப் பின்னால் தள்ளியது. குனிந்து குனிந்து நடந்தார்கள். வழியில் கடலையும் வெல்லமும் பங்கிட்டுத் தின்றார்கள். "ஒன் வூட்டுக்காரன் கெட்டிக்காரன்மா" என்றார் சாலமோன். அந்தப் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் பலம் கொடுத்தது. இதற்காகத்தானே எல்லாம். காலில் செருப்பு இருக்கிறது, மேலே ஷீட் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம்.

பொன்னேரிக்கு முன்னால் ஆரணியாற்றுப் பாலம். ரயில்வே கேங்மேன் ஒருவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு குறுக்கே நின்றான்.

"தண்ணி கர்டரத் தொட்டுக்கினு போவுது. யாரையும் வுடக் கூடாதுன்னு உத்தரவு."

செங்கம்மாள் அவனிடம் ரங்கசாமியைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, இருவரும் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பிணைத்து, தண்டவாளத்துக் கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் போனார்கள். கீழே பழுப்புத் தண்ணீர் மரங்களையும் வைக்கோல் போரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. நடுப்பாலத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியதில் சாலமோனின் கால் நழுவியது. கயிறு இழுபட்டு அவள் இடுப்பை அறுத்தது. அவள் தண்டவாளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் ஊர்ந்து மேலேறி வந்தார். அக்கரையில் இறங்கியதும் இரண்டு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அதற்கு மேல் போக முடியவில்லை. சாலமோன் வீட்டில் ராத்திரி இருந்துவிட்டு, வெளுத்ததும் பழவேற்காட்டு ரோட்டில் தனியாக நடந்தாள். மெதூரில் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தன. ரோடு அறுத்துக்கொண்டு போன இடங்களில் இடுப்புத் தண்ணீரில் இறங்கி ஏறினாள். எதிரே வந்தவர்கள் யாருக்கும் குப்பத்தைப் பற்றித் தெரியவில்லை.

பழவேற்காடு வந்து சேர்ந்தபோது கரை இருந்த இடத்தில் கரை இல்லை. தெரு முனை வரைக்கும் ஏரி ஏறி வந்திருந்தது. படகுகளைத் தெருவுக்குள் இழுத்துத் தென்னை மரங்களில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏரிக்கு அந்தாண்ட, மழைக்குள், திட்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிந்தது. அது அலையா மணலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தினமும் அவளை அக்கரை சேர்க்கிற முனுசாமி ஒரு வீட்டுச் சுவரோரம் குந்தியிருந்தான்.

"முனுசாமி, படக எடு."

"எங்கம்மா எடுக்கறது? பாத்துக்கினுதான கீற."

"நானும் தள்றேன். ரெண்டு பேரா போயிடலாம்."

"பத்து பேரா தள்ளினாலும் போவாது. காலைல ரெண்டு பேரு போனாங்க. படகு மட்டும் கவுந்துகினு திரும்பி வந்துச்சு. அவுங்க இன்னும் வர்ல."

அவள் கெஞ்சினாள். திட்டினாள். கட்டியிருந்த ஒரு படகை அவிழ்க்கப் போனாள். நாலு பேர் வந்து பிடித்தார்கள். பிறகு பையிலிருந்த கயிற்றை எடுத்து ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கயிறு முடிகிற தூரம் பத்து ஆள் நீளம்கூட இல்லை. ஏரியோ ஒரு கடல் மாதிரிக் கிடந்தது. முனுசாமி அவளை இழுத்துக் கரையில் போட்டு, "நீயும் போய்ட்டா அவன யாரு பாக்கறது?" என்று கத்தினான். கத்திவிட்டு அவனே அழுதான். அவன் தங்கையும் அக்கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

செங்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துத் திறந்து பார்த்தாள். மெழுகுவத்தி நனையவில்லை. தீப்பெட்டி நனையவில்லை. பேட்டரி லைட் எரிந்தது. எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. தரை இருக்கிற வரைக்கும் அந்தப் பை அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. தண்ணீருக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் அத்தனை நாள் பேசியும் இது ஒருவர் வாயிலும் வரவில்லை. ஏரி அவர்களுக்கு வழி. வழி இல்லாமல் போகும் என்று யார் நினைப்பார்கள்.

மங்கிய வேளையில் லைட்டைத் திட்டுப் பக்கம் காட்டி ஆட்டினாள். பதிலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் காற்று விடவில்லை. வேறு குப்பங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் தெருவெல்லாம் நிறைந்திருந்தார்கள். குழந்தைகள் பசியில் அழுதன. மிச்சமிருந்த கடலையைக் கொடுத்தாள், வெல்லத்தைக் கொடுத்தாள், மெழுகுவத்தி கேட்டவளுக்கு அதையும் கொடுத்தாள். பிளாஸ்டிக் ஷீட்டை யாரோ கைக்குழந்தைக்காரிக்குப் போர்த்தினாள். அதைப் புண்ணியம் என்று சொல்ல முடியாது. வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. அன்று பூராவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாள் காலையில் காற்று அடங்கியது. முனுசாமி படகை இறக்கினான். அவள் முதல் ஆளாக ஏறினாள்.

குப்பத்தில் குடிசை என்று எதுவும் இல்லை. நட்டுவைத்த மூங்கில்கள் அங்கங்கே நின்றன, அவ்வளவுதான். வடக்கே மணல் மேட்டில் ஜனங்கள் கும்பலாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் ஓடினாள். ஒரு பனைமரத்தில் சாய்த்து, கிழிந்த பாயைப் போர்த்தி, ரங்கசாமியை உட்கார வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தான். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் என்னவெல்லாமோ சொன்னாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

பச்சையம்மாவின் இரண்டு குழந்தைகளும் வேறொருத்தி மடியில் இருந்தன. லோகநாதன் தள்ளி, முழங்காலில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பச்சையம்மா எங்க?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

ஒவ்வொருவராகத்தான் சொன்னார்கள். புயல் வந்த அன்று சாயங்காலம் கடல் திட்டின் மேல் ஏறி ஏரிக்குள் விழுந்தது. குழந்தைகளை முன்னால் போனவர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, லோகநாதன் அண்ணனை முதுகில் தூக்கிக்கொண்டான். பச்சையம்மா பின்னால் வந்தாள். மேட்டுக்குப் பாதி தூரத்தில் தண்ணீர் மார்பு வரைக்கும் வந்தது. மேட்டில் அண்ணனை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. அவன் திரும்ப ஓடினான். மூன்று பேர் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பச்சையம்மாவை ஏரிப் பக்கம் கோரைப் புதரில் கண்டெடுத்து, முந்தின நாளே அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

செங்கம்மாளிடம் ரங்கசாமி வாய் திறந்தது அதற்கும் சில நாள் கழித்துத்தான். பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அவள் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் காலத்தான் புட்ச்சிக்கினு வந்தா" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"லோகு முதுகுல நான். அவ பின்னால என் காலப் புட்ச்சிக்கினு வந்தா. கெட்டியா புட்ச்சிக்கோன்னு லோகு சொன்னான். புட்ச்சிக்கினுதான் கீறேன்னு சொன்னா. அப்புறம் காத்துல ஒன்னும் காதுல வுழல." தன் முழங்காலைக் கையால் அழுத்திப் பார்த்தான். "எப்ப வுட்டான்னு எனக்குத் தெரியலமே. வேற எங்க புட்ச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

அவள் அவன் காலைத் தரையில் மெதுவாக வைத்தாள். தான் அங்கே இருந்திருந்தால் தானே அவனைத் தூக்கியிருப்போம், லோகநாதன் பச்சையம்மாவைப் பிடித்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு மட்டும் அப்போது உள்ளே இறங்கியது. பிறகு அது போகவே இல்லை.

சர்க்கார் ஓலையும் மூங்கிலும் கொடுத்தது. குடிசைகள் எழுந்தன. இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சமைத்தாள் செங்கம்மாள். பச்சையம்மாவின் பெண்களுக்குத் தலை வாரிவிட்டு, தை மாதம் முதல் மறுபடியும் கம்பெனிக்குப் போனாள். பாட்டில்களைத் தூக்கிப் பார்ப்பாள், கண் அதில் இருக்காது, கூரைக்கு வெளியே வானத்தில் இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் ரேடியோ புயல் என்று சொன்ன நாளெல்லாம் அவள் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே ரங்கசாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெரும்பாலும் வெயில்தான் அடித்தது. அரசப்பன் இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தார்.

"நான் இன்னா பண்றதும்மா? வானத்தப் பாத்துக்கினு வர்றவங்கள வெச்சிக்கினு சூளைய நடத்த முடியாது. மேல கேக்கறாங்க" என்றார்.

"தெரியும் சார்" என்றாள். ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு அவளுக்குப் பழையபடி மீன் கூடைதான்.

லோகநாதன் அண்ணன் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் செய்தான். மீன் கொண்டுவந்து வைப்பான், ஓலை மாற்றிக் கட்டுவான். ஒரு நாளும் கோபமாகப் பேசியதில்லை. பேசியதே குறைவு. ரங்கசாமி மட்டும் தம்பி கை தன் மேல் படவிடுவதில்லை. வாசலுக்கு வர வேண்டுமென்றாலும் கையை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டே வருவான். செங்கம்மாள் பாடாய்ப்பட்டு அவனைத் தூக்குவாள், லோகநாதன் பார்த்துக்கொண்டு நிற்பான். இருவருக்கும் நடுவில் என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. அண்ணனைத் தூக்கு என்று லோகநாதனிடம் சொல்ல வாய் வராது. தூக்க விடு என்று ரங்கசாமியிடமும் சொல்ல வாய் வராது.

எழுபத்தெட்டில் ரங்கசாமிக்கு முதுகுப் புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் பிதற்ற ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், முதலில் படகுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் ஒருத்தியால் ஆகவில்லை. லோகநாதன் உள்ளே வந்து, பாயின் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தினான்.

ரங்கசாமிக்கு அந்த நேரம் தெளிவு இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் வர்ல" என்றான்.

"வாண்ணா."

"என்ன வுட்டுடு லோகு. தூக்கினவரைக்கும் போதும்."

லோகநாதன் எழுந்திருக்கவில்லை. "அண்ணி, நீ சொல்லு" என்றும் கேட்கவில்லை. அப்படியே குந்தியிருந்தான். வெளியே குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. செங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் கழித்து ரங்கசாமியின் கைகள் இரண்டும் நகர்ந்து வந்து தம்பியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

மணலில் மூன்று பேரும் போனார்கள். முனுசாமி படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தான். நல்ல வெயில். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. முதுகில் அண்ணனோடு லோகநாதன் அதன் ஓரத்தில் வந்து நின்றுவிட்டான். முனுசாமியும் வா என்று கூப்பிடவில்லை, செங்கம்மாளும் போ என்று சொல்லவில்லை. பிறகு அவன் இறங்கினான்.